வேரெல்லாம் போன ஆர்க்கிட் பிழைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக்கணக்கில் கவனிப்பாரில்லாமல் காய்ந்த ஆர்க்கிட்டும், தினம் தினம் தண்ணீர் ஊற்றி அழுக வைத்த ஆர்க்கிட்டும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். இலை துவண்டு தொங்கும், தொட்டியிலிருந்து தூக்கினால் வேர் இருக்காது. அந்த நிலையில் இருக்கும் செடியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. பெரும்பாலும் ஃபெலனாப்சிஸை, அதாவது அகன்ற இலையும் பட்டாம்பூச்சி போன்ற பூவும் கொண்ட ஆர்க்கிட் வகையை, மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் வீடுகளில் அதிகம் இருப்பதும் அதிகம் சாவதும் அதுதான். மற்ற வகைகளுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

தொட்டிக்குள் வேர் இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்தே தெரியுமா?

ஓரளவு தெரியும். செடியின் அடியைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். வேர் உள்ள செடி தொட்டியோடு சேர்ந்து அசையும், வேர் இல்லாதது தனியாக ஆடும். இன்னொரு அடையாளம், தொட்டியில் ஈரம் இருந்தும் இலை சுருங்கியிருப்பது. ஈரம் இருக்கிறது, ஆனால் செடிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் வேர் இல்லை என்றுதான் அர்த்தம்.

சந்தேகம் வந்துவிட்டால் யோசிக்காமல் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பூ இருக்கிறதே, இப்போது தொட்டி மாற்றலாமா என்ற தயக்கமெல்லாம் வேர் உள்ள செடிக்கு.

எடுத்துப் பார்த்தேன். பழுப்பாக, வெள்ளையாக, கறுப்பாகப் பல நிறத்தில் இருக்கின்றன. எதை வெட்டுவது?

நிறத்தை நம்பி வெட்டாதீர்கள். பழைய மரப்பட்டைத் துண்டுகளுக்குள் இருந்த நல்ல வேர்கூடக் கறை ஏறிப் பழுப்பாகத்தான் இருக்கும். முதலில் வேர்ப்பகுதியை வெறும் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு ஒவ்வொரு வேராக விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள்.

ஆர்க்கிட் வேரின் வெளிப்புறம் வெலமென் என்ற பஞ்சு போன்ற உறை. செத்த செல்களால் ஆனது, தண்ணீர் பட்டதும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உயிருள்ள வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், நனைந்ததும் பச்சையாகவும் தெரியும். உறை நனைந்து ஒளி ஊடுருவும்போது உள்ளே இருக்கும் பச்சையம் தெரிவதுதான் அந்த நிற மாற்றம். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். செத்த வேர் அழுத்தினால் தட்டையாகிவிடும், அழுகியதாக இருந்தால் பழுப்புத் தண்ணீர் வரும். லேசாக இழுத்தாலே உறை முழுவதும் கழன்று வந்து நடுவில் மெல்லிய நூல் மட்டும் நிற்கும்.

பாதி வரை கெட்டி, மீதி சொதசொத என்றிருந்தால் கெட்டியான இடம் வரை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். இரண்டு விரல் அளவு நல்ல வேர் மிஞ்சினாலும் அது பெரிய விஷயம், அதை வீணாக்காதீர்கள். நடுவில் நிற்கும் நூல்களில் இரண்டு மூன்றை வெட்டாமல் விட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் உறிஞ்சாது, ஆனால் பின்னால் செடியை ஆடாமல் கட்டி வைக்க உதவும்.

இவ்வளவு தண்ணீர் ஊற்றியும் இலை சுருங்குகிறதே, இன்னும் ஊற்ற வேண்டுமா?

இந்தக் கேள்விதான் பாதிச் செடிகளைக் கொல்கிறது. இலை சுருங்கியதும் தாகம் என்று நினைத்து ஊற்றுகிறோம். குடிக்க வேர் இல்லை. ஊற்றிய தண்ணீர் தொட்டியில் தேங்கி, மிச்சமிருந்த வேரையும் அழுக வைக்கிறது. இலை இன்னும் சுருங்குகிறது, இன்னும் ஊற்றுகிறோம்.

வேர் இல்லாத செடியின் கணக்கு வேறு. உள்ளே வரவு கிட்டத்தட்டப் பூஜ்யம். இலை வழியே செலவு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருக்கும் நீரைக் கொண்டுதான் அது புது வேர் விட்டாக வேண்டும். அதனால் நம் வேலை செலவைக் குறைப்பது. சுற்றியிருக்கும் காற்றில் ஈரப்பதம் உயர்ந்தால் இலையிலிருந்து நீர் வெளியேறுவது குறையும். கீழே முதலில் சொல்லப்போகும் பாசி, பை முறை இதைத்தான் செய்கிறது.

வேர் எதனால் செத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? இனிமேல் என்ன செய்வது என்று சொன்னால் போதாதா?

தெரியாவிட்டால் புது வேரும் அதே வழியில் போகும்.

காட்டில் ஃபெலனாப்சிஸ் மரத்தில் ஒட்டி வளர்வது. அதன் வேர் மழையில் நனையும், பிறகு காற்றில் உலரும். மண்ணுக்குள் இருந்து பழக்கமில்லை. வீட்டில் அழுகலுக்கு முக்கியக் காரணம் தண்ணீரை விடக் காற்று இல்லாததுதான். மரப்பட்டைத் துண்டுகள் இரண்டு மூன்று வருடத்தில் மக்கித் தூளாகி, இடைவெளிகளை அடைத்துவிடும். அதுவரை ஒத்துவந்த அதே அளவு தண்ணீர் திடீரென்று ஒத்துவராமல் போவது இதனால்தான். அடியில் ஓட்டை இல்லாத அலங்காரத் தொட்டியும் இதே வேலையைச் செய்யும். சில செடிகளில் தண்டைச் சுற்றி வேர் நடுவே ஒரு சின்னக் கூடையோ பாசிப் பந்தோ இருக்கும், நாற்றாக இருந்தபோது வைத்தது. வெளியே எல்லாம் உலர்ந்த பிறகும் அது மட்டும் ஈரமாகவே கிடந்து தண்டின் அடியை அழுக வைக்கும். எடுத்துவிடுங்கள்.

காய்ந்து செத்தது வேறு கதை. வேர் சுருங்கி, மொறமொறவென்று இருக்கும், நாற்றம் வராது. உரம் அதிகமாகி வேர்நுனி கருகுவதும் உண்டு, அப்போது தொட்டி விளிம்பிலும் மரப்பட்டை மேலும் வெள்ளைப் படிவு இருக்கும். காய்ந்து போன செடியைக் காப்பாற்றுவது அழுகியதைக் காப்பாற்றுவதைவிடச் சுலபம், கிருமி பரவியிருக்காது.

பிழைக்கும் செடி எது, தூக்கிப் போட வேண்டியது எது?

குருத்தைப் பாருங்கள். ஃபெலனாப்சிஸுக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, மேலே இலைகளுக்கு நடுவில் இருப்பது. அது பச்சையாகவும் கெட்டியாகவும் இருந்து, கூடவே ஓர் இலையாவது உருப்படியாக இருந்தால் முயன்று பார்க்கலாம். இரண்டு மூன்று தடித்த இலை இருந்தால் நம்பிக்கை நன்றாகவே உண்டு. இலைதான் சேமிப்பு. வேர் ஒன்றுகூட இல்லாமல் இலை நாலு இருக்கும் செடி, பாதி வேரோடு துவண்ட ஓர் இலை மட்டும் உள்ள செடியைவிடப் பல சமயம் முந்திக்கொள்ளும்.

குருத்து கறுத்து, மெல்ல இழுத்தாலே நடு இலை கையோடு வந்து, அடியில் நாற்றம் அடித்தால் அந்த நுனி முடிந்தது. அப்போதும் தண்டின் கீழ்ப்பகுதி கெட்டியாக இருந்தால் பக்கத்திலிருந்து குட்டிச் செடி வெடிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. வேர் உள்ள செடியில் அதற்காகக் காத்திருக்கலாம். வேரும் இல்லை, குருத்தும் இல்லை என்றால் விட்டுவிடுவதே நல்லது. பக்கத்தில் வேறு ஆர்க்கிட்கள் இருந்தால் அவற்றிலிருந்து உடனே தள்ளி வையுங்கள்.

வெட்டிச் சுத்தம் செய்வது எப்படி?

கத்தரியை நெருப்பில் காட்டிவிட்டு ஆற வைத்து எடுங்கள். இது சடங்கு அல்ல. சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடண்டோகிளாசம் ரிங்ஸ்பாட் வைரஸ் இரண்டும் ஆர்க்கிட்களில் பரவலாக இருப்பவை, ஒரு செடியை வெட்டிய கத்தியில் ஒட்டியிருக்கும் சாறு வழியே அடுத்ததற்குப் போகும். மருந்து கிடையாது. ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் திரும்பவும் சூடு காட்டுங்கள்.

செத்த வேரை எல்லாம் எடுத்த பிறகு தண்டின் அடியைப் பாருங்கள். வயதான செடியில் அங்கே காய்ந்த கட்டை மாதிரி ஒரு பகுதி நீண்டிருக்கும். அழுகியிருந்தால் மெல்லிய வில்லைகளாகக் கீழிருந்து மேலே நறுக்கிக்கொண்டே வாருங்கள். முதல் வில்லை பழுப்பாக இருக்கும், அடுத்தது விளிம்பில் வெளுத்து நடுவில் மட்டும் பழுப்புப் புள்ளியாக இருக்கும். வெட்டுமுகம் முழுக்க வெளிர்பச்சையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். கட்டை வெறுமனே காய்ந்து கெட்டியாக இருந்தால், கிருமி இல்லை, அதை நறுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

காய்ந்த இலையடிகளை, அதாவது உதிர்ந்த இலைகள் தண்டைச் சுற்றி விட்டுப்போன சருகுகளை, உரித்து எடுங்கள். புது வேர் இந்த இடங்களிலிருந்துதான் முட்டிக்கொண்டு வரும், சருகு வழிமறிக்கும். சில சமயம் உரிக்கும்போதே அடியில் சின்னப் புடைப்பு ஒன்று பச்சையாகத் தெரியும். அது வேர்மொட்டு. கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒரு நாள், நிழலில், காற்றுப்படும் இடத்தில் செடியை அப்படியே வையுங்கள். வெட்டுக்காயம் உலரட்டும். ஏற்கெனவே துவண்ட செடியை இன்னும் காயப்போடுவதா என்று தோன்றும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, ஈரக்காயத்தோடு, அடுத்துச் சொல்லப்போகும் மூடிய பைக்குள் போனால்தான் ஆபத்து.

வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைத் தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் போடலாமா?

இலவங்கப்பட்டைத் தூள் ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும், பூஞ்சையையும் ஓரளவு தடுக்கும். தண்டின் வெட்டுமுகத்திலும் இலைக்காயத்திலும் ஒரு சிட்டிகை தடவலாம். உயிருள்ள வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும், அதனால் முழுச் செடி மேலும் தூவுவதெல்லாம் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் அது கிருமிக்கும் செடியின் திசுவுக்கும் வித்தியாசம் பார்க்காது. புது வேர் முளைக்க வேண்டிய இடத்தில் அதை ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேர்மொட்டு தெரிகிற செடியில் நிச்சயம் வேண்டாம்.

சரி, இனி என்ன செய்ய வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பாசியும் பையும்தான் என் முதல் தேர்வு.

ஸ்பாக்னம் பாசியை, அதாவது தண்ணீரைப் பிடித்து வைக்கும் உலர்ந்த பாசியை, தண்ணீரில் ஊற வைத்துப் பிழியுங்கள். நன்றாக, இனி ஒரு சொட்டும் விழாது என்கிற வரை பிழியுங்கள். இந்த ஒரு படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரல் நனையக் கூடாது. அதை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவிலோ பெரிய ஜிப்லாக் பையிலோ இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள்.

செடியைப் பாசி மேல் வையுங்கள், உள்ளே புதைக்காதீர்கள். வேர் ஈரத்தைத் தேடி வர வேண்டும், ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் தண்டு அழுகும். மிச்ச வேர் ஏதாவது இருந்தால் அது மட்டும் பாசியைத் தொடட்டும். தண்டு பாசிக்கு மேலே, தொட்டும் தொடாமலும். இலையில் தண்ணீர் தெளிக்காமல் வையுங்கள், குருத்துக்குள் ஒரு சொட்டு நின்றால்கூட மூடிய பைக்குள் அது உலராது.

இப்போது மூடிவிட்டு வெளிச்சம் நன்றாக இருக்கும் நிழலில் வையுங்கள். நேர் வெயில் ஒரு பத்து நிமிடம் பட்டாலும் மூடிய பைக்குள் சூடு ஏறி இலை வெந்துவிடும். இருட்டு மூலையும் உதவாது, வேர் விடச் சர்க்கரை வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். உள்ளங்கையை வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்தால் மங்கலான நிழல் விழுகிற இடம் சரியாக இருக்கும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் வேர் சீக்கிரம் வரும். 18க்குக் கீழே போனால் செடி அப்படியே உட்கார்ந்துவிடும், அழுகல் முந்திக்கொள்ளும். குளிர்காலத்தில் தொடங்குபவர்கள் அடியில் நாற்றுகளுக்கு வைக்கும் வெப்பப் பாய் போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும்.

மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் திறந்து காற்று மாற்றுங்கள். பகலில் திறப்பது நல்லது. ஃபெலனாப்சிஸ் இலையின் துளைகள் பகலில் மூடியிருந்து இரவில் திறப்பவை, நீர் வெளியேறுவதும் இரவில்தான் அதிகம். இரவு முழுக்கத் திறந்து போட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். பாசி மேலாக வெளுத்து உலரத் தொடங்கினால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

பை சுவரில் லேசாக மூச்சுப் படிந்தது போல் ஈரம் இருந்தால் சரியான அளவு. சொட்டுச் சொட்டாக வழிந்தால் பாசி அதிக ஈரம், எடுத்து இன்னொரு முறை பிழியுங்கள்.

பையெல்லாம் எதற்கு? தினமும் நாலு தடவை ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

போதாது. தெளித்த ஈரம் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், அதற்குப் பிறகு ஈரப்பதம் பழைய நிலைக்கு வந்துவிடும். நடுவில் குருத்தில் தண்ணீர் தேங்கும் ஆபத்து மட்டும் மிச்சம். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதும் இந்த நிலைக்கு ஈடுகொடுக்காது.

பாசி கிடைக்கவில்லை. தண்ணீருக்கு மேலே தொங்க விடலாமா?

விடலாம். கண்ணாடிக் குடுவையில் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதற்கு ஒரு விரல் மேலே தண்டின் அடி, செடி குடுவையின் வாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் முங்கக் கூடாது. இலை வெளியே இருப்பதால் இந்த முறை செலவைக் குறைப்பதில்லை, அடிக்கு மட்டும்தான் ஈரம் தருகிறது. அதனால் இலை இன்னும் தடிப்பாக இருக்கும் செடிக்குத்தான் சரிப்படும். துவண்டு தொங்கும் செடியை இப்படி வைப்பதாக இருந்தால் மேலே ஒரு பையைக் கவிழ்த்து மூடுங்கள். தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர், எப்சம் உப்பு, வேர் ஹார்மோன், உரம்... இவற்றில் எது வேலை செய்யும்?

சர்க்கரை வேண்டாம். செடிக்குப் போவதைவிடப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்தாகும். எப்சம் உப்பு மக்னீசியம் தரும், மக்னீசியம் குறைந்ததால் வேர் போகவில்லை. ஆகவே அதுவும் வேண்டாம்.

ஹார்மோனில் ஒரு குழப்பம் உண்டு. வேரைத் தூண்டுபவை ஆக்சின் வகை, ஐபிஏ, என்ஏஏ என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். கெய்கி பேஸ்ட் என்று விற்பதில் இருப்பது சைட்டோகைனின், அது துளிர் வரவழைக்கும், வேருக்கு எதிராகவே வேலை செய்யலாம். வேர் இல்லாத செடியில் அதைத் தடவிவிட்டு மேலே குட்டிச் செடி முளைப்பதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு, தாய்ச்செடி அதற்கும் சேர்த்துச் செலவழித்துச் சாகும். ஆக்சின் தூளோ கடற்பாசிச் சாறோ இருந்தால் பாக்கெட்டில் சொன்னதைவிடக் குறைவாக ஒருமுறை பயன்படுத்தலாம். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. ஈரப்பதமும் வெப்பமும் சரியாக இருந்தால் செடி தானாகவே வேர் விடும், அவை சரியில்லாவிட்டால் ஹார்மோனால் ஒன்றும் ஆகாது.

உரம், வேர் வரும் வரை கிடையாது. உப்புச் செறிவு கூடினால் வேர்நுனி கருகும். இலையில் தெளிக்கலாமே என்பார்கள், ஃபெலனாப்சிஸ் இலையின் மெழுகுப் படலத்தைத் தாண்டி உள்ளே போவது மிகக் கொஞ்சம்.

பூத்தண்டு இருக்கிறது, இரண்டு மொட்டுகூட இருக்கிறது. மனசு வரவில்லை. வெட்டத்தான் வேண்டுமா?

வெட்டுங்கள். பூவை ஜாடியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் கொஞ்ச நாள் நிற்கும்.

சாகும் நிலையில் இருக்கும் செடி பூத்தண்டு விடுவதை நலமாகிவிட்டதன் அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வேருக்குப் போக வேண்டிய சேமிப்பைத்தான் பூ தின்கிறது. பையில் இருக்கும்போது புதிதாகப் பூத்தண்டு வந்தாலும் ஓரங்குல நீளத்திலேயே கிள்ளிவிடுங்கள். வேரா பூத்தண்டா என்று சந்தேகமாக இருந்தால் நுனியைப் பாருங்கள். வேர்நுனி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பூத்தண்டின் நுனி கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் மடிந்த உறையோடு இருக்கும். ஒரு வாரம் பொறுத்தால் தானாகத் தெரிந்துவிடும், அதுவரை கத்தரியை எடுக்காதீர்கள்.

என்னிடம் இருப்பது ஃபெலனாப்சிஸ் இல்லை. டென்ட்ரோபியம், கேட்லியா, வாண்டா இவற்றுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான், காலமும் இடமும் மாறும்.

கேட்லியா, ஆன்சிடியம் போன்றவற்றில் அடியில் பருத்த போலிக்குமிழ்கள் இருக்கும், நீரும் உணவும் அங்கே சேமிப்பு. அதனால் தாக்குப்பிடிக்கும் காலம் அதிகம். ஆனால் கேட்லியா நினைத்தபோது வேர் விடாது. புதுத் துளிர் கிளம்பி, அதன் அடியிலிருந்துதான் பெரும்பாலும் வேர் வரும். சில வகைகளில் துளிர் முற்றிய பிறகுதான் வரும். எனவே முதலில் பார்க்க வேண்டியது குமிழின் அடியில் இருக்கும் கண், அதாவது துளிர் கிளம்பும் மொட்டு. பச்சையாக, புடைத்து இருந்தால் நல்லது. காய்ந்து கறுத்திருந்தால் அடுத்த குமிழைப் பாருங்கள். இலையே இல்லாத பழைய குமிழில்கூட உயிருள்ள கண் இருந்தால் பாசியில் வைத்துக் கிளப்பலாம். கேட்லியாவின் கிடைத்தண்டை வெட்டும்போது வெட்டுமுகத்தில் ஊதா நிற வளையம் தெரிந்தால் அது ஃபியூசேரியம் பூஞ்சை. வளையம் மறையும் வரை வெட்ட வேண்டும், மறையவில்லை என்றால் செடியை அப்புறப்படுத்துங்கள்.

டென்ட்ரோபியத்தில் நீண்ட தண்டுகள். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்பதைப் பார்த்துச் செத்ததாக முடிவு கட்டாதீர்கள், சில வகைகள் வருடத்தில் ஒரு பருவம் அப்படித்தான் இருக்கும். தண்டு கெட்டியாக, பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ இருந்தால் உயிர் இருக்கிறது. அடி அழுகியிருந்தால் நல்ல தண்டை வெட்டி ஈரப்பாசி மேல் படுக்க வைத்து மூடுங்கள். கணுக்களில் குட்டிச் செடிகள் தம் வேரோடு வரும். வேர் இரண்டு அங்குலம் ஆனதும் பிரித்து நடலாம். காப்பாற்றப் போன ஒரு செடி மூன்றாகித் திரும்பும் வகை இது.

வாண்டாவில் தண்டு மேலே மேலே போகும், கீழ்ப்பகுதி செத்தாலும் மேலே கணுவிலிருந்து வேர் விடும். மேல்பகுதியில் ஒரு வேராவது இருந்தால் அதற்குக் கீழே வெட்டிவிடலாம். வெளிச்சம் மற்றவற்றைவிட அதிகம் கேட்கும், சின்னப் பையில் அடங்காது. அடியில் ஈரப்பாசி போட்ட ஆழமான வாளியில் தொங்கவிட்டு மேலே பாதி மூடி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேஃபியோபெடிலம்தான் கஷ்டம். குமிழும் இல்லை, தடித்த இலையும் இல்லை, வேர் விடுவதிலும் சோம்பேறி. வேர் முழுவதும் போன பேஃபியோவில் புதுக் கன்று ஒன்று அடியில் இருந்தால் மட்டும் மெனக்கெடுங்கள்.

ஒரு மாதம் ஆகிறது, எந்த மாற்றமும் இல்லை.

மோசமாகவில்லை என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ஃபெலனாப்சிஸ் முதல் வேர் விட ஒரு மாதமும் ஆகலாம், மூன்று நாலு மாதமும் ஆகலாம். பருவம், வெப்பம், சேமிப்பு எல்லாம் சேர்ந்தது அது. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். ஒளி ஊடுருவும் டப்பா வேண்டும் என்று சொன்னது இதற்காகவும்தான்.

பாசி மேல் வெள்ளையாகப் பூஞ்சை வந்துவிட்டது.

பாசி மேல் மட்டும் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, இரண்டு நாள் அதிக நேரம் திறந்து வையுங்கள். தண்டிலோ குருத்திலோ ஏறியிருந்தால் செடியை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு நாள் உலர்த்தி, புதுப் பாசியில் முன்னைவிடக் குறைந்த ஈரத்தோடு தொடங்குங்கள். ஸ்பாக்னம் மேல் பச்சை படர்வது வெறும் நுண்பாசிப் படலம், பயமில்லை.

கீழ் இலை மஞ்சளாகிறது.

செடி அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுக்கட்டும். அடி இலை ஒன்று மெல்ல மஞ்சளாகிச் சருகாவது இந்த நிலையில் எதிர்பார்க்க வேண்டியதுதான், தானாகக் கழன்று வரும் வரை பிய்க்காதீர்கள். குருத்துப் பக்கத்திலிருந்து மஞ்சளாகி வந்தாலோ, இரண்டே நாளில் இலை நீர்கோத்துக் கண்ணாடி போலானாலோ அது அழுகல். உடனே அந்த இலையை அடியோடு எடுங்கள்.

வேர் வந்துவிட்டது! உடனே தொட்டிக்கு மாற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இலையடியைக் கிழித்துக்கொண்டு பச்சையாகவோ செந்நிறமாகவோ மணி போன்ற ஒரு நுனி எட்டிப் பார்க்கும், பிறகு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் என்று நீளும். அந்தப் பளபளப்பான நுனிதான் வளரும் இடம். விரல் பட்டு நசுங்கினால் அந்த வேர் அங்கேயே நின்றுவிடும், அதிர்ஷ்டம் இருந்தால் பக்கக்கிளை விடும். இரண்டு மூன்று வேர், ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டராவது ஆகட்டும்.

அதன்பிறகும் ஒரே நாளில் வெளியே எடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பையின் வாயை அகலத் திறந்து பழக்குங்கள். இலை துவண்டால் ஒரு படி பின்னால் போங்கள்.

தொட்டி சின்னதாக இருக்க வேண்டும், வேர் மட்டும் அடங்கும் அளவு. செடியின் அளவைப் பார்த்துப் பெரிய தொட்டி எடுத்தால் நடுப்பகுதி உலராது. பக்கமெல்லாம் ஓட்டையுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வேரின் நிறத்தைப் பார்த்தே தண்ணீர் ஊற்றலாம். பாசியில் வந்த வேருக்கு முதல் சில மாதம் பாசி கலந்த சின்ன மரப்பட்டைத் துண்டுகள் பொருந்தும். பாசியை அழுத்தித் திணிக்காதீர்கள். தேங்காய் மட்டைத் துண்டு போடுபவர்கள் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊற வைத்து உப்பைப் போக்கிவிட்டுப் போடுங்கள்.

ஒரு குச்சியை நட்டு, செடியை அதோடு கட்டிவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேர் பிடிக்காத செடி ஒவ்வொரு முறை தொட்டியை நகர்த்தும்போதும் ஆடும், ஆடும்போதெல்லாம் வேர்நுனி மரப்பட்டையில் உரசித் தேயும்.

தொட்டிக்கு வந்த பிறகு தண்ணீர், உரம் எப்படி?

வேர் வெள்ளியானதும் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விடுங்கள். ஊற்றும்போது தாராளமாக, அடியில் ஓடி வடியும்படி. தட்டில் தேங்கியதைக் கொட்டுங்கள். மழைநீர் இருந்தால் அதுவே சிறந்தது. உப்பு நீக்கிய தண்ணீரும் சரி. உப்பைப் பயன்படுத்தி மென்மையாக்கிய கடினநீர் மட்டும் வேண்டாம், அதில் சோடியம் இருக்கும்.

உரம், வேர் நீளத் தொடங்கிய பிறகு, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மாதத்தில் ஒருமுறை வெறும் தண்ணீரால் அலசுங்கள்.

சுருங்கிய இலை திரும்ப நேராகுமா?

லேசாகத் துவண்டது விறைக்கும். ஆழமாகச் சுருக்கம் விழுந்தது அப்படியேதான் இருக்கும், அதை வைத்துச் செடியை எடைபோடாதீர்கள். புது இலையைப் பாருங்கள். முதல் இலை பழையதைவிடச் சின்னதாக வரும். அடுத்தது அதைவிடப் பெரிதாக வந்தால் வேர் தன் வேலையைச் செய்கிறது.

எப்போது பூக்கும்?

ஃபெலனாப்சிஸ் வருடத்துக்கு இரண்டு மூன்று இலைதான் விடும். இழந்ததை அந்த வேகத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். ஓரிலையோடு பைக்குள் போன செடி என்றால் இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். மூன்று நாலு இலையோடு போனது அடுத்த பூக்கும் பருவத்திலேயே தண்டு விட முயலும். அந்த முதல் தண்டை வைத்துக்கொள்வதா என்று கேட்டால், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். சுவரோரம் வேர் சுற்றியிருந்து, புது இலை பழையதன் அளவுக்கு வந்திருந்தால் விடுங்கள், பூக்கட்டும். இல்லாவிட்டால் கிள்ளிவிட்டு இன்னொரு வருடம் காத்திருங்கள்.